புல்தரையின் வேகத்தை அளப்பது எப்படி?

மகாராஷ்டிர மாநிலத்தின் புனே நகருக்கு மேற்கே அமைந்துள்ள ஹிஞ்சேவாடி, கணிப்பொறித் தொழிலுக்குப் பெயர் பெற்ற ஊர். ராஜீவ் காந்தி தகவல் தொழில்நுட்பப் பூங்கா இங்கேதான் உள்ளது. இவ்வூரிலேயே, புளூ ரிட்ஜ் என்னும் குடியிருப்பு நகரியத்தினுள், ஒன்பது குழிகள் கொண்ட கோல்ப் மைதானம் ஒன்றும் இருக்கிறது. கோல்ப் ஆட்டத்தில் ஒவ்வொரு குழியைச் சுற்றியும் மிகக் குட்டையாக வெட்டப்பட்ட புல்தரை ஒன்று உண்டு. ஆட்டக்காரர்கள் இதனைக் ‘கிரீன்’ என்பர். பந்தை வானில் அடித்து அனுப்பும் வேலை இதன் எல்லையோடு முடிந்துவிடுகிறது. இதன்மேல் பந்தை மெல்லத் தட்டி உருட்டியே குழியில் இடவேண்டும்.

கோல்ப் ஆடும் இடமெங்கும் கேட்கப்படும் வழக்கு ஒன்றுண்டு. “இன்று கிரீன் மிகவும் மந்தம்” என்பார் ஒருவர். அதே தரையில் ஆடிய மற்றொருவர், “பந்து நிற்கவே மாட்டேன் என்கிறது” என்பார். முடிவில் இரண்டு குறைக்கும் பொறுப்பாளியாகக் கருதப்படுபவர், விடியுமுன் வந்து புல் வெட்டிய தோட்டத் தொழிலாளியே. கண்ணும் கையும் கூறும் சாட்சியத்தை மட்டும் கொண்டு இவ்வழக்கைத் தீர்க்க இயலாது. அதற்கு ஓர் அளவுகோல் வேண்டும். அவ்வளவுகோல் யாது, அது கூறும் எண்ணுக்குப் பொருள் என்ன என்பதை இங்கே ஆராய்வோம்.

வேகம் என்பது யாது?

தரைக்கு வேகம் உண்டு என்று கூறுவது முதலில் வியப்பாகத் தோன்றலாம். தரை ஓடுவதில்லை, ஓடுவது பந்தே. உருளும் பந்தின் எடையால் புல்லிதழ்கள் வளைகின்றன. வளைந்த இதழ் மீண்டும் நிமிரும்போது, தான் பெற்ற ஆற்றல் முழுவதையும் பந்துக்குத் திருப்பித் தருவதில்லை. இவ்வாறு பந்து கடக்கும் ஒவ்வோர் அங்குலத்துக்கும் சிறிதளவு ஆற்றலைச் சுங்கமாகச் செலுத்துகிறது. சுங்கம் மிகுந்த தரை ‘மந்தமான’ தரை. குறைந்த தரை ‘வேகமான’ தரை. ஆகவே, கிரீனின் வேகம் என்பது அத்தரை பந்துக்குக் காட்டும் தடையின் எதிர்மறை அளவேயாகும். ஒரே விசையுடன் புறப்பட்ட பந்து எத்தனை தூரம் சென்று நிற்கிறது என்பதைக் கொண்டு இதனை எளிதில் அறியலாம்.

அளவுகோல் பிறந்த வரலாறு

1935-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஓக்மாண்ட் மைதானத்தில் நடந்த தேசியப் பகிரங்கப் போட்டியைக் காண எட்வர்டு ஸ்டிம்ப்சன் என்பவர் வந்திருந்தார். அவ்வாண்டில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் தொழில்முறை சாராத ஆட்டக்காரர்களுள் முதல்வராக விளங்கியவர் அவர். ஜீன் சாராசென் என்னும் பேராட்டக்காரர் தட்டிய பந்து, கிரீனைக் கடந்து ஓடி மணற்குழியில் விழுந்தது. தரையின் வேகம் நியாயமற்றது என்று ஸ்டிம்ப்சனுக்குத் தோன்றியது. ஆயினும் அதனைப் பிறருக்கு மெய்ப்பிக்கும் வழி இல்லை. எனவே மரத்தாலான ஓர் எளிய கருவியை அவர் உருவாக்கினார். 1976-இல் அமெரிக்கக் கோல்ப் சங்கத்தின் பொறியியலறிஞர் பிராங்க் தாமஸ் அதனை அலுமினியத்தில் திருத்தி அமைத்தார். 1978 முதல் அது மைதானக் கண்காணிப்பாளர்களுக்கு வழங்கப்பட்டது. ஸ்டிம்ப்சனின் பெயராலேயே அது ‘ஸ்டிம்ப் மீட்டர்’ எனப்படுகிறது.

இக்கருவியில் சக்கரமோ, மின்கலமோ, முள்ளோ கிடையாது. 36 அங்குல நீளமுள்ள ஒரு சட்டம். அதன் நடுவே நெடுக ஒரு பள்ளம். தரையைத் தொடும் முனையிலிருந்து 30 அங்குலத் தொலைவில் பந்து தங்குவதற்கு ஒரு வெட்டு. இவ்வளவே. வெட்டில் பந்தை வைத்துச் சட்டத்தின் மறுமுனையை மெல்ல உயர்த்தினால், சாய்வு ஏறத்தாழ 20 பாகையை எட்டும்போது பந்து தானாகவே விடுபட்டு உருள்கிறது. ஒவ்வொரு முறையும் அதே உயரத்திலிருந்து இறங்குவதால், வினாடிக்கு ஏறத்தாழ 6 அடி என்னும் அதே வேகத்துடன் அது தரையை அடைகிறது. மனிதக் கையின் வலிமையும் பதற்றமும் இதில் கலப்பதில்லை. கருவியின் சிறப்பு முழுவதும் இதிலேயே அடங்கியுள்ளது.

அளக்கும் முறை

கிரீனில் இயன்றவரை சமமான ஓரிடத்தைத் தேர்ந்துகொள்ள வேண்டும். மூன்று பந்துகளை ஒன்றன்பின் ஒன்றாக ஒரே திசையில் உருட்டவேண்டும். அவை நின்ற இடங்கள் ஒன்றுக்கொன்று 8 அங்குலத்துக்குள் அமைந்தால் சோதனை செம்மையானது. பின்னர் அவை நின்ற இடத்திலிருந்து எதிர்த்திசையில் மீண்டும் மூன்று பந்துகளை உருட்டவேண்டும். இரு திசைகளின் சராசரித் தூரமே அக்கிரீனின் வேகம். பந்து சராசரியாக 8 அடி சென்று நின்றால், அத்தரையின் வேகம் ‘எட்டு’ எனப்படும்.

ஓடும் திசையை மாற்றிச் சோதிப்பது ஏன்? கண்ணுக்குச் சமமாகத் தோன்றும் தரையிலும் சிறு சாய்வு மறைந்திருக்கும். மேலும், புல்லிதழ்கள் ஒரு பக்கமாகப் படிந்து வளர்ந்திருந்தால், படிந்த திசையில் பந்து விரைந்தும், எதிர்த்திசையில் தயங்கியும் செல்லும்.

சாய்வு நன்கு புலப்படும் தரையில் வெறும் சராசரி நம்மை ஏமாற்றிவிடும். மேட்டை நோக்கி 6 அடியும் பள்ளத்தை நோக்கி 12 அடியும் பந்து சென்றது எனக் கொள்வோம். சராசரி 9 அடி. ஆனால் சமதளத்தில் அத்தரையின் வேகம் 9 அன்று. இறக்கத்தில் புவியீர்ப்பு பந்துக்குச் செய்யும் உபகாரம், ஏற்றத்தில் அது செய்யும் தடையைக் காட்டிலும் மிகுதியான தூரத்தைத் தந்துவிடுகிறது. இரண்டு தூரங்களையும் பெருக்கி, வந்த தொகையை இரட்டித்து, அவற்றின் கூட்டுத்தொகையால் வகுக்கவேண்டும். ஆறும் பன்னிரண்டும் பெருக்க 72, இரட்டிக்க 144, அதனைப் பதினெட்டால் வகுக்க 8. இதுவே உண்மையான வேகம்.

இவ்வுண்மையை வாசகர்கள் தம் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரு மூங்கிலை இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியை எப்போதும் ஒரே உயரத்தில் சாய்த்து நிறுத்துக. அதன் வழியே கோலிக்குண்டு ஒன்றைச் சிமெண்டுத் தரையிலும், கோரைப் பாயிலும், ஜமக்காளத்திலும் முறையே உருட்டுக. குண்டு நிற்கும் தூரங்களின் வேற்றுமை, தரை செலுத்தும் தடையைத் தெளிவாகக் காட்டும்.

அருகம்புல்லும் பருவ மழையும்

ஒரே கிரீனின் வேகம் காலைக்கும் மாலைக்கும் இடையே மாறக்கூடும். பனி படிந்த அதிகாலையில் நீர்த்துளிகள் பந்தைப் பற்றி இழுக்கும். பனி உலர்ந்து, புல் வெட்டி, உருளை ஓட்டியபின் வேகம் மிகும். பகலில் புல் வளர வளர அது மீண்டும் குறையும். மண்ணின் ஈரம், உரத்தின் அளவு, புல் வெட்டும் உயரம், மணல் தூவிச் சமன்செய்யும் சிரத்தை ஆகிய யாவும் இதில் பங்கு கொள்கின்றன.

புல்லின் இனமும் முக்கியமானது. வெப்ப நாடுகளில் கிரீன்களுக்குப் பெரிதும் பயன்படுவது நாம் நன்கறிந்த அருகம்புல்லின் குடும்பமே. சாதாரண அருகை ஆப்பிரிக்க அருகினம் ஒன்றுடன் கலந்து, அமெரிக்காவின் டிப்டன் ஆராய்ச்சி நிலையத்தில் மென்மையான இதழ் கொண்ட ஒட்டு வகைகள் உருவாக்கப்பட்டன. 1956-இல் வெளியான ‘டிப்கிரீன்’, 1965-இல் வெளியான ‘டிப்ட்வார்ப்’ ஆகியவை அவற்றுள் புகழ் பெற்றவை.

அருகு வெயிலை விரும்புவது. புனே வட்டாரத்தில் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவ மழை பெய்கிறது. அப்போது வானம் மூடியிருக்கும், மண் ஊறியிருக்கும், ஈர மண்ணில் கனத்த யந்திரத்தை ஓட்டினால் தரை கெடும். ஆகவே மழைக்காலத்தில் கிரீன் மந்தமாவது இயற்கை. மழை ஓய்ந்து வறண்ட காற்று வீசும் மாதங்களில், அதே தொழிலாளியின் அதே உழைப்பில் அதே தரை விரைவு பெறுகிறது. அளந்து குறித்த ஏடு ஒன்று இருந்தால், குறை பருவத்தினுடையதா, பராமரிப்பினுடையதா என்பதைப் பிரித்தறியலாம்.

எண்ணும் நியாயமும்

ஸ்டிம்ப் மீட்டர் ஆக்கப்பட்டதன் நோக்கம் ஒரு மைதானத்தின் எல்லாக் கிரீன்களும் ஒரே தன்மையுடன் இருக்கச் செய்வதே. முதற்குழியில் ஏழும் இரண்டாம் குழியில் பத்துமாக வேகம் இருந்தால், ஆட்டக்காரரின் திறமைக்கு அங்கே மதிப்பில்லை. ஆனால் காலப்போக்கில், யாருடைய கிரீன் அதிக வேகம் என்னும் போட்டிக்கே இவ்வெண் கருவியாகிவிட்டது. 1970-களின் இறுதியில் அமெரிக்க மைதானங்களில் எடுத்த கணக்கின்படி சராசரி வேகம் ஆறரை அடியளவே. அன்று அங்கத்தினர்களின் அன்றாட ஆட்டத்துக்கு எட்டரை அடியே ‘மிகு வேகம்’ எனக் கொள்ளப்பட்டது. இன்றோ பெரும் போட்டிகளில் 12 அடியும் அதற்கு மேலும் காணப்படுகின்றன.

இதன் விளைவைக் கணக்கிட்டுப் பார்ப்போம். நூறு அடிக்கு 3 அடி இறங்கும் ஒரு சாய்வை எடுத்துக்கொள்வோம். வேகம் 8 உள்ள தரையில், கருவியிலிருந்து விடுபட்ட பந்து இந்த இறக்கத்தில் ஏறத்தாழ பதினொன்றரை அடி சென்று நிற்கும். வேகம் 12 ஆயின், அதே பந்து ஏறத்தாழ 22 அடி ஓடும். வேகம் ஒன்றரை மடங்காக, ஓட்டமோ இரு மடங்குக்குச் சற்றே குறைவு. மந்தமான புல்லுக்கென வகுத்த பழைய மேடு பள்ளங்கள், விரைவான புல்லில் ஆட இயலாதனவாகிவிடுவது இதனால்தான்.

உலகப் பெரும் போட்டிகளும் இதற்கு விலக்கல்ல. 2004-இல் அமெரிக்காவின் ஷின்னெகாக் ஹில்ஸ் மைதானத்தில் இறுதி நாளன்று ஏழாம் கிரீனில் பந்து நிற்க மறுத்தது. ஆட்டத்தின் நடுவே நீர் தெளிக்க நேர்ந்தது. 2015-இல் ஸ்காத்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் பலத்த காற்றினால் கிரீன்மேல் நின்ற பந்துகள் தாமாகவே நகர்ந்தன. ஆட்டம் பல மணி நேரம் நிறுத்தப்பட்டது.

வேகத்துக்கு விலையும் உண்டு. புல்லின் உணவு அதன் இலையிலேயே ஆக்கப்படுகிறது. மூன்று மில்லிமீட்டர் அளவுக்கு இலையை வெட்டிவிட்டால் உணவு குறைகிறது, வேர் குட்டையாகிறது, வெயிலையும் நோயையும் தாங்கும் வலிமை போகிறது. குட்டை வேர் கொண்ட புல்லை உயிருடன் காக்கக் கோடையில் அடிக்கடி நீர் தெளித்தாக வேண்டும். நீர் போதாத இடங்களில், எண்ணெய் கலந்த மணலைச் சமன்செய்து ‘பிரௌன்’ என்னும் தரைகளில் ஆடும் வழக்கம் நம் நாட்டில் உண்டு. குடிநீருக்கே கணக்குப் பார்க்கும் நாட்டில், ஓர் அடி அதிக வேகத்துக்காகப் புல்லையும் நீரையும் பணயம் வைப்பது அறிவுடைமை ஆகாது.

ஆகவே, கிரீனின் வேகத்தை மதிப்பிடுவோர் மூன்று வினாக்களைக் கேட்டல் வேண்டும். எல்லாக் கிரீன்களும் ஒத்த வேகமுடையனவா? அவ்வேகம் தரையின் சாய்வுக்கு ஏற்றதா? அதனைப் புல் ஆண்டு முழுவதும் தாங்குமா? இவற்றுக்கு ‘ஆம்’ என விடை கிடைக்குமாயின், எண் ஏழாயினும் பத்தாயினும் அத்தரை நல்ல தரையே. மறுநாட் காலையில் யந்திரத்துடன் வரும் தொழிலாளியும் வீண் பழிக்கு ஆளாகமாட்டார்.