உங்கள் வீட்டுக் ‘கிராஸ்’ நாய்

“இது லேப் கிராஸ்ங்க, பச்சைக் குழந்தையைக் கூடக் கடிக்காது.”

“ராஜபாளையம் கிராஸ்! காவலுக்கு இதை விட்டால் வேறு நாயே கிடையாது.”

“கிராஸ் நாய்க்கு ஊசியெல்லாம் எதுக்குங்க? நோயே அண்டாது.”

நாய்க்குட்டி வாங்கப் போன இடத்தில் இந்த மூன்றில் ஒன்றையாவது நீங்கள் கேட்டிருப்பீர்கள். அவினாசிக்கும் திருப்பூருக்கும் நடுவே இருக்கிறது எங்கள் திருமுருகன்பூண்டி. இங்கே பனியன் கம்பெனி வாசல்களிலும், சிற்பக் கூடங்களின் கற்குவியல்களுக்கு நடுவிலும், வீட்டுத் திண்ணைகளிலும் படுத்திருக்கும் நாய்களில் பெரும்பாலானவை இத்தகைய கலப்பினங்களே. மேலே சொன்ன மூன்று வாக்கியங்களில் முதல் இரண்டுக்கும் ஆதாரம் மிகக் குறைவு. மூன்றாவதோ உயிருக்கே உலை வைக்கக் கூடியது. எப்படி என்று பார்ப்போம்.

முதலில் ஒரு சிறு கணக்கு. நாயின் ஒவ்வொரு செல்லிலும் 39 ஜோடி குரோமோசோம்கள் உள்ளன. குட்டிக்குத் தாயிடமிருந்து ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று மட்டுமே போகிறது. எந்த ஒன்று போகும் என்பது நாணயத்தைச் சுண்டிப் போடுவதைப் போலத்தான். அப்படியானால் தாய் தரக்கூடிய சேர்க்கைகள் எத்தனை? 39 இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்க வேண்டும்: ஏறத்தாழ 55,000 கோடி! தந்தைக்கும் அதே கணக்கு. போதாக் குறைக்கு, ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளுக்கு வெவ்வேறு தந்தைகள் இருப்பதும் நாய்களில் உண்டு. ஆகவே ‘பாதி லேப்ரடார்’ என்றால் பாதி லேப்ரடார் குணம் என்று எடுத்துக் கொள்வது, பாலும் தண்ணீரும் கலந்த கணக்கைக் குரோமோசோமுக்குப் போடுவதாகும்.

இதை வெறும் கணக்கோடு விடாமல் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்தின் பார் ஹார்பர் என்ற ஊரில் ஸ்காட், ஃபுல்லர் என்ற இரு விஞ்ஞானிகள் பல ஆண்டுகள் நாய்களை வளர்த்து ஆராய்ந்து, 1965-இல் ஒரு நூலாக வெளியிட்டனர். ஆப்பிரிக்காவின் பசென்ஜி நாயையும், காக்கர் ஸ்பானியலையும் அவர்கள் கலந்தார்கள். பசென்ஜிக் குட்டி மனிதரைக் கண்டால் மிரளும். ஸ்பானியல் குட்டியோ குழையும். இவற்றின் பேரக் குட்டிகளில் குணம் பல திசைகளிலும் சிதறியது. 2022-இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியான ஆய்வு இன்னும் பெரியது. 18,000-க்கும் மேற்பட்ட நாய்களின் சொந்தக்காரர்களிடம் கேள்விகள் கேட்டு, 2,155 நாய்களின் டி.என்.ஏ.வையும் படித்தார்கள். ஒரு நாய்க்கும் இன்னொரு நாய்க்கும் உள்ள குண வேறுபாட்டில், இனம் என்பது விளக்கிய பங்கு சுமார் 9 சதவிகிதம் மட்டுமே! சொல் பேச்சுக் கேட்கும் குணத்தில் இனத்தின் சாயல் ஓரளவு தெரிந்தது. எளிதில் சீறும் குணத்திலோ அது ஏறக்குறைய ஒன்றுமே சொல்லவில்லை.

குணத்தில் பரம்பரைக்குப் பங்கே இல்லை என்று இதற்குப் பொருள் அல்ல. பரம்பரை உண்டு, ஆனால் அதை ‘லேப்’ என்ற ஒரு சொல்லை வைத்துக் கொண்டு படிக்க முடியாது என்பதே பொருள்.

அப்படியானால் எதைப் பார்த்துக் குட்டியை எடுப்பது? அதன் வயதையும், அது அதுவரை வளர்ந்த இடத்தையும் பாருங்கள். குட்டி பிறந்த மூன்றாம் வாரத்திலிருந்து ஏறத்தாழ பன்னிரண்டாம் வாரம் வரை அதன் மனத்தில் ஒரு ஜன்னல் திறந்திருக்கிறது. அந்தக் காலத்தில் குழந்தைகள், முதியவர்கள், சைக்கிள், குக்கர் விசில், விசைத்தறிச் சத்தம் எல்லாவற்றையும் பயமின்றி அது சந்தித்துவிட்டால், அவை பிற்பாடு அதற்கு அன்னியமாகப் படா. 1961-இல் வெளியான ஒரு சோதனையில், பதினான்கு வாரம் மனித வாடையே படாமல் வளர்ந்த குட்டிகள் காட்டு விலங்குகளைப் போலவே நடந்து கொண்டன. அதே சமயம், எட்டு வாரத்துக்கு முன் குட்டியைத் தாயிடமிருந்து பிரிப்பதும் தவறு. எத்தனை அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்ற பாடத்தை அது தன் உடன்பிறப்புகளிடம்தான் படிக்கிறது.

ராஜபாளையம் கலப்பு என்றால் இன்னொரு சோதனையும் தேவை. 2005-இல் நம் தபால் துறை தபால்தலை வெளியிட்டுச் சிறப்பித்த இனம் அது. ஆனால் அந்தப் பால் வெள்ளை நிறத்தோடு பிறவிச் செவிடும் சில குட்டிகளில் சேர்ந்து வருகிறது. குட்டி தூங்கும்போது அதன் பின்னால் நின்று கிண்ணத்தில் கரண்டியால் தட்டுங்கள். தரையில் தட்டாதீர்கள், அதிர்வு காலில் போய்ச் சேர்ந்து உங்களை ஏமாற்றிவிடும்! காது கேளாத நாயையும் கைச் சைகையால் பழக்கலாம். ஆனால் அது தெரியாமல், “சொன்னால் கேட்காத நாய்” என்று அடிப்பவர்களே அதிகம்.

நம் ஊர்ப் பக்கத்தில் அப்பாவும் அம்மாவும் காலையில் ஷிப்டுக்குப் போனால் திரும்ப இரவாகிவிடும். பன்னிரண்டு மணி நேரம் தனியே கட்டிக் கிடக்கும் நாய் குரைக்கும், தோண்டும், கடைசியில் கடிக்கவும் செய்யும். அதைக் ‘கிராஸ் புத்தி’ என்று சொல்வது எனக்கு உடன்பாடில்லை. காலையில் அரை மணி, மாலையில் அரை மணி நடை. அதை எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவனே செய்துவிடலாம்.

இனி வெப்பத்துக்கு வருவோம். பௌதிக ஆசிரியனான எனக்குப் பிடித்த பகுதி இதுதான்!

நமக்கு உடல் முழுவதும் வியர்க்கிறது. நாய்க்கோ பாதங்களின் அடியில் மட்டுமே அப்படிப்பட்ட வியர்வைச் சுரப்பிகள் உள்ளன. அது இளைப்பதன் மூலமே தன்னைக் குளிர்வித்துக் கொள்கிறது. ஈரமான மூக்கறைகளின் மீதும் நாக்கின் மீதும் காற்று ஓடும்போது நீர் ஆவியாகிறது. உடல் வெப்பநிலையில் ஒரு கிராம் நீர் ஆவியாகச் சுமார் 580 கலோரி உள்ளுறை வெப்பம் வேண்டும். இருபது கிலோ எடையுள்ள நாயின் வெப்பநிலை ஒரு டிகிரி குறைய ஏறத்தாழ 16,600 கலோரி வெளியேற வேண்டும். வகுத்துப் பாருங்கள்: 29 கிராம் நீர், அதாவது இரண்டு மேஜைக் கரண்டி அளவு. எவ்வளவு சிக்கனம்!

ஆனால் நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கான தடவை மூச்சு வாங்கினால், அந்த உழைப்பே உடலைச் சூடாக்காதா? 1962-இல் க்ராஃபோர்டு என்ற விஞ்ஞானி இதற்கு விடை கண்டார். ஊஞ்சலை அதன் இயல்பான தாளத்தில் தள்ளினால் விரல் நுனியே போதும் அல்லவா? நாயின் மார்புக் கூட்டுக்கும் நுரையீரலுக்கும் அதைப் போலவே ஓர் இயல்பதிர்வு உண்டு. அது நிமிடத்துக்குச் சுமார் 300. இளைக்கும் நாய் ஏறக்குறைய அந்த எண்ணிலேயே இளைக்கிறது. நீங்கள் வகுப்பில் படிக்கும் ஒத்ததிர்வுதான் உங்கள் வீட்டு வாசலில் நாக்கைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருக்கிறது! பிற்பாடு, 1970-இல், ஷ்மிட்-நீல்சன் குழுவினர் இன்னொன்றையும் காட்டினர்: இளைக்கும் நாய் காற்றைப் பெரும்பாலும் மூக்கு வழியே இழுத்து வாய் வழியே விடுகிறது. சூடேறிய காற்று வந்த வழியே திரும்பினால், ஏற்கெனவே குளிர்ந்த மூக்கறையை மறுபடி சூடாக்கிவிடும் அல்லவா?

இந்த ஏற்பாடு தோற்கும் இடங்களும் உண்டு. மூக்கு சப்பையான பக் கலப்புக்கு ஆவியாகும் பரப்பே குறைவு. காற்றில் ஈரம் மிகுந்தால் நீர் ஆவியாவதும் குறைந்துவிடும். குடிக்கத் தண்ணீர் இல்லாவிட்டால் ஆவியாக நீரே இல்லை. தகரக் கொட்டகையின் கீழ் கட்டிய நாயின் நிலை இன்னும் மோசம். சித்திரை வெயிலில் தகரம் 60 டிகிரி என்று வைத்துக் கொள்ளுங்கள். வெப்பக் கதிர்வீச்சு தனி வெப்பநிலையின் நான்காம் அடுக்கில் ஏறுவதால், 30 டிகிரியில் உள்ள கூரையைப் போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு கதிர்களை அது நாயின் மேல் பொழிகிறது. வேப்ப மர நிழல் எவ்வளவோ மேல்.

நாயின் இயல்பான வெப்பநிலை 38 முதல் 39 டிகிரி. 41-ஐத் தாண்டினால் ஆபத்து. தள்ளாட்டம், கெட்டியான எச்சில், செக்கச் சிவந்த ஈறு இவற்றைக் கண்டால் உடனே நிழலுக்குக் கொண்டு வந்து, சாதாரணத் தண்ணீரை வயிற்றிலும் தொடை இடுக்கிலும் ஊற்றி, விசிறிவிட்டுக் கொண்டே கால்நடை மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள். நடைப் பயிற்சிக்குப் போகும் முன் புறங்கையைத் தார் ரோட்டில் ஐந்து விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் முடியாவிட்டால் அதன் பாதத்தாலும் முடியாது.

உணவைப் பற்றி இரண்டு வார்த்தை. மிஞ்சிய சாம்பார் சோறுதான் நம் வீடுகளில் நாய்க்கு வழக்கம். அதிலுள்ள சின்ன வெங்காயம் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கிறது. சாக்லேட்டும் திராட்சையும் விஷம். சோறும் வேக வைத்த முட்டையும், சிறிது எலும்பில்லாத கறியும் தாராளமாகத் தரலாம். இன்னொன்று நம் ஊருக்கே உரிய ஆபத்து: வீட்டில் பிசிறு வெட்டக் கொண்டு வரும் பனியன்களும், கட்டிங் வேஸ்ட் மூட்டைகளும். குட்டி நாய் அதைக் கடித்து விளையாடி விழுங்கிவிடும். துணி குடலை அடைக்கும்; நீள நூலோ குடலை இழுத்துச் சுருக்கி ரம்பம் போல அறுத்துவிடும். குட்டி விடாமல் வாந்தி எடுத்தால், மூட்டை திறந்திருந்ததா என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இப்போது அந்த மூன்றாவது வாக்கியம். கலப்பினத்துக்குச் சில பரம்பரை நோய்கள் குறைவு என்பதில் ஓரளவு உண்மை உண்டு. தாயிடமிருந்து வந்த பழுதான ஜீனைத் தந்தையின் நல்ல ஜீன் மூடி மறைத்துவிடலாம். கலிபோர்னியாவில் 2013-இல் வெளியான ஓர் ஆய்வு 24 பரம்பரை நோய்களை எடுத்துக் கொண்டது. அவற்றில் 10 தூய இனங்களில் அதிகம்; 13-இல் வேறுபாடே இல்லை; ஒன்று, முழங்கால் தசைநார் அறுதல், கலப்பினத்தில்தான் அதிகம்! இவை யாவும் பரம்பரைக் கோளாறுகள். வைரஸ் கிருமி வம்சம் பார்த்து வருவதில்லை. 1978-இல் உலகெங்கும் பரவிய பார்வோ நோய் இன்றும் குட்டிகளை இரத்த பேதியில் கொல்கிறது. ஆகவே ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் முதல் தடுப்பூசி, பின் மருத்துவர் சொல்லும் இடைவெளியில் அடுத்தவை, மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி. அதன் பிறகு அட்டையில் குறித்த தேதியில் தவறாமல்.

வெறிநோயைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அறிகுறி தோன்றிய பின் இந்நோயிலிருந்து பிழைத்தவர்கள் உலகிலேயே விரல் விட்டு எண்ணத்தக்கவர்கள். லூயி பாஸ்டர் 1885-இல் பாரிஸில் தடுப்பு முறையைக் கண்டார். இந்தியாவில் அதற்கான முதல் நிலையம் 1900-இல் இமயமலைப் பக்கம் கசௌலியில் அமைந்தது. தென்னாட்டில் கடிபட்டவர் அவ்வளவு தூரம் போக வேண்டும். 1902-இல் லில்லி பாக்கென்ஹாம் வால்ஷ் என்ற இளம்பெண் வெறிநோயால் இறந்தது பலரை உலுக்கியது. அதன் விளைவாகவே 1907-இல் நமக்கு அருகிலுள்ள குன்னூரில் பாஸ்டர் நிலையம் பிறந்தது. தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று உங்கள் தாத்தா பயமுறுத்தியிருப்பார். ஆட்டு மூளையிலிருந்து செய்த அந்தப் பழைய மருந்தின் தயாரிப்பு 2004-ஆம் ஆண்டின் இறுதியோடு இந்தியாவில் நிறுத்தப்பட்டது. இப்போது கையில் போடும் சில ஊசிகளே. அரசு மருத்துவமனைகளில் இலவசம்.

செல்ல நாயின் பல் பட்டாலும் நகக் கீறல் விழுந்தாலும் முதலில் குழாயைத் திறந்து, சோப்புப் போட்டு, பதினைந்து நிமிடம் கடிகாரம் பார்த்துக் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதையும் அப்ப வேண்டாம். அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். இரத்தம் வந்த காயமானால் தடுப்பூசியோடு, காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலின் மருந்தையும் கேளுங்கள். கடித்த நாயைப் பத்து நாள் கட்டிப் போட்டுக் கவனிக்கச் சொல்வார்கள். ஆனால் அந்தப் பத்து நாள் முடியட்டும் என்று முதல் ஊசியைத் தள்ளிப் போடாதீர்கள். வீட்டில் திட்டு விழும் என்று பயந்து கடியை மறைக்கும் பிள்ளைகளும் உண்டு. தம்பி தங்கைகளிடம் இதை இன்றே சொல்லி வையுங்கள்.