மான்ட்ரியலின் தச்சுப் பள்ளி

1926இல் கனடாவின் மான்ட்ரியலிலிருந்து பாரிசுக்குப் போனார் ழான்-மாரி கோவ்ரோ. வயது இருபத்து மூன்று. சேர்ந்த இடம், மரச்சாமான் கலைக்குப் பேர்போன எகோல் பூல். படித்துத் திரும்பியவர் தனக்கென்று ஒரு பட்டறை போட்டு உட்காரவில்லை. மான்ட்ரியல் தொழில்நுட்பப் பள்ளியில் மரவேலைப் பிரிவைத் தொடங்கினார். 1935இல் அது ‘எகோல் டு மெபிள்’ என்ற தனிப் பள்ளியாயிற்று.

அங்கே இழைப்புளி பிடிக்கிறவனும் ஓவியம் வரையவேண்டும், கலை வரலாறு படிக்கவேண்டும். வரைபவரும் செய்பவரும் ஒரே ஆளாக இருக்கவேண்டும் என்பது கோவ்ரோவின் கொள்கை. கியூபெக் காட்டு மரங்களைப் பயன்படுத்துங்கள் என்றும் வற்புறுத்தினார்.

அந்த ஊரில் மரத்தோடு மல்லுக்கட்டுவது லேசான காரியமில்லை. குளிர்காலத்தில் வெளியே பனி. உள்ளே ஹீட்டரால் சூடேறிய காற்று வறண்டுவிடும். கோடையில் புழுக்கம். ஒரு மீட்டர் அகல மேப்பிள் மேசைப் பலகை பருவத்துக்கேற்ப ஒரு சென்டிமீட்டர்வரை விரிந்து சுருங்கலாம். பசைபோட்டு இறுக்கினால் ‘படார்’ என்று வெடிக்கும். அதனால் கதவுப் பலகையைச் சட்டத்தின் காடியில் பசையில்லாமல் செருகிவிடுவார்கள். மேசைப் பலகைக்கு நீள்துளை போட்டுத் திருகாணி முடுக்குவார்கள், மரம் நகர இடம் வேண்டுமே! மழைக்காலத்தில் நம் வீட்டுக் கதவு இறுகிக்கொள்வதும் இதனால்தான்.

வருமானம்? கையால் ஒரு நாற்காலி செய்ய வாரக்கணக்கில் ஆகும். அதற்கேற்ற விலை கொடுப்பவர் சிலரே. அதனால் இத்தொழிலில் பலர் சமையலறை அலமாரியும் செய்வார்கள், பாடமும் நடத்துவார்கள். கோவ்ரோவின் பள்ளியில் கற்பித்த ஜூலியன் எபேர், 1950களின் தொடக்கத்தில் அலுமினியக் குழாயில் தோட்ட நாற்காலி வடிவமைத்தார். 1967 உலகக் கண்காட்சியின் சின்னமும் அவர் வரைந்ததே.

கியூபெக்கின் பெரிய கலைக் கலகமும் இப்பள்ளியிலிருந்தே வெடித்தது வேடிக்கை. ஓவிய ஆசிரியர் போல்-எமில் போர்துவா 1948 ஆகஸ்டில், திருச்சபையின் பிடியைச் சாடும் ‘ரெஃப்யூ குளோபல்’ அறிக்கையை வெளியிட்டார். அச்சிட்டது 400 பிரதிதான். அடுத்த மாதமே வேலை போயிற்று. கையெழுத்திட்டவர்களில் ழான்-போல் ரியோபெல் உட்படச் சிலர் இப்பள்ளி மாணவர்கள். கோவ்ரோ செய்த எந்த மேசையைவிடவும் அவர் கட்டிய பள்ளியே பெரிய படைப்பு என்று தயங்காமல் சொல்லலாம்.

அந்தப் பள்ளியின் மரபு இன்று வியூ மான்ட்ரியல் சீஜெப் கல்லூரியில் மூன்றாண்டு மரவேலைப் படிப்பாகத் தொடர்கிறது. பாடம் பிரெஞ்சில். கியூபெக்வாசிகளுக்கு அரசு சீஜெப்களில் சில்லறைக் கட்டணங்கள் மட்டுமே. கைவேலையில் ஆசையுள்ள பிள்ளை இருக்கும் மான்ட்ரியல் தமிழ்க் குடும்பங்கள் ஒருமுறை விசாரித்துப் பார்க்கலாம்.