மங்கிப்போன பைபர் வண்டி: பெயிண்ட் அடிக்கறதுக்கு முன்னாடி

பழைய பைபர் வண்டியைக் கையால தடவினா கோலமாவு மாதிரி வெள்ளைத்தூள் ஒட்டும். ஸ்ரீரங்கத்துல ஒரு நண்பர், காருக்குப் பின்னால இழுத்துப் போற கேரவன் ஒண்ணை வாங்கி நிறுத்தியிருக்கார். பார்த்தவங்க ஆளுக்கொரு யோசனை சொல்றாங்க. பெயிண்ட் அடிங்கன்னு ஒருத்தர், தேங்காயெண்ணெய் தடவுங்கன்னு இன்னொருத்தர். ரெண்டுக்கும் முன்னாடி, அந்தத் தூள் என்னன்னு பார்த்துடலாம்.

பைபர் உடம்புங்கறது கண்ணாடி இழையும் பாலியெஸ்டர் ரெசினும் சேர்ந்தது. அச்சுல முதல்ல நிறம் கலந்த ரெசினை சுமார் அரை மில்லிமீட்டர் கனத்துக்கு அடிப்பாங்க, இதுதான் ஜெல்கோட். அது இறுகினதும் அதுக்குப் பின்னால இழையை வச்சு ரெசின் ஊத்துவாங்க. ஆக நாம பார்க்கிற நிறம் மேல பூசின பெயிண்ட் இல்லை, வண்டியோடவே பிறந்தது. கனடாவின் வின்னிபெக்கில் 1968-ல் ரே ஒலெக்கோ தயாரிச்ச 13 அடி 'போலர்' கேரவன் இந்த வகை. மேல்பாதி, கீழ்பாதின்னு ரெண்டு துண்டா வார்த்து, நடுவுல ஒட்டின முட்டை மாதிரி இருக்கும். நாகப்பட்டினம் பக்கத்து மீனவர்களோட பைபர் படகும் இதே வேலைப்பாடுதான்.

வெயிலின் புற ஊதாக்கதிர் ரெசினோட சங்கிலிகளை மேலோட்டமா அறுத்துடுது. ரெசின் போனதும் அது பிடிச்சு வச்சிருந்த நிறத்தூள் தனியா நிக்குது. கையில ஒட்டறது அதுதான். மேற்பரப்பு மேடும் பள்ளமுமா ஆனதால வெளிச்சம் சிதறி, நிறம் வெளுத்துத் தெரியுது.

அம்மா மண்டபம் படித்துறையில ஒரு கூழாங்கல்லை எடுத்துப் பாருங்க. நனைஞ்சிருந்தா பளிச்சுன்னு இருக்கும், காய்ஞ்சா சாம்பல். தண்ணி பள்ளத்தை நிரப்பறதால வர்ற மாயம். எண்ணெய், டீசல், டேஷ்போர்டு பாலிஷ் எல்லாம் செய்யறது இதைத்தான், கூடவே தெருப்புழுதியையும் இழுத்து ஒட்டிக்கும். ஆனா இதுவே ஒரு நல்ல சோதனை. வண்டியைக் கழுவி ஈரமா இருக்கும்போது பாருங்க. பழைய நிறம் திரும்பித் தெரிஞ்சா ஜெல்கோட் இன்னும் இருக்கு, பாலிஷ் போதும். ஈரத்துலயும் இழையோட பின்னல் தெரிஞ்சா பாலிஷுக்கு அங்க வேலை இல்லை. புது ஜெல்கோட்டோ பெயிண்டோதான். விட்டா இழை வழியா தண்ணி உள்ளே இறங்கும்.

எல்லா பைபரும் ஒண்ணில்லை. முற்றத்து மேல போடற ஒளி புகும் பைபர் ஷீட்டுக்கு இந்தக் கனமான ஜெல்கோட் கிடையாது. அதைத் தேய்ச்சா இழைதான் எழும்பும். கரூர்ல பாடி கட்டற பஸ்களோட பைபர் முகத்துக்கு மேல பெயிண்ட் இருக்கும், அங்கே மங்கறது பெயிண்ட்.

இனி வேலை. போர்வெல் தண்ணியால வர்ற உப்புத்திட்டையும் பல பேர் மங்கல்னு நினைச்சுக்கறாங்க. அது வினிகர்ல போயிடும். திருகாணிக்குக் கீழே வழியற துருக்கறைக்கு ஆக்ஸாலிக் அமிலம், கையுறையோட. அப்புறம் கண்ணுல படாத ஒரு மூலையில ரப்பிங் காம்பவுண்ட் போட்டுப் பாருங்க. பளபளப்பு வந்தா வாட்டர் பேப்பரை எடுக்கவே வேண்டாம். வரலைன்னா 1000, அப்புறம் 1500, 2000 நம்பர், தண்ணி விட்டு. அதுக்குப் பிறகு காம்பவுண்ட். வழியற தண்ணி வண்டியோட நிறத்துலயே வரும், பயப்பட வேண்டாம். காயவச்சுத் தேய்ச்சா கண்ணாடித்தூள் மூச்சுல போகும் அபாயம் இருக்கு, அதனால ஈரத்தேய்ப்பும் முகமூடியும் அவசியம்.

கார் பெயிண்டோட மேல்பூச்சு சுமார் 0.05 மில்லிமீட்டர்தான். ஜெல்கோட் அதைப்போல பத்து மடங்கு, அதனாலதான் தேய்ப்பைத் தாங்குது. ஆனா ஒவ்வொரு தேய்ப்பும் சேமிப்பிலிருந்து எடுக்கிற பணம். வளைவு, விளிம்புகள்ல கை பாரமா விழும், அங்கேதான் முதல்ல தீரும். மெஷினை விட்டுட்டு அந்த இடங்களைக் கையாலேயே தேய்ங்க. சித்திரை வெயில்ல சூடேறின உடம்பு மேல காம்பவுண்ட் உடனே காய்ஞ்சு பிடிச்சுக்கும். விடியற்காலையோ நிழலோ பாருங்க.

அமெரிக்காவுல கேரவன்காரங்க தரைக்குப் போடற அக்ரிலிக் பாலிஷை நாலஞ்சு கை பூசறாங்க. கண்ணாடி மாதிரி இருக்கும், செலவும் குறைவு. ஆனா தூளை முழுசா எடுக்காம பூசினா மஞ்சளாகி, செதில் செதிலா உரியும், உரிச்சு எடுக்கறது தனி வேலை. நம்ம ஊர் வெயிலுக்கு எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

கடைசியில மெழுகு. பளபளப்புக்கு இல்லை, காப்புக்கு. ஸ்ரீரங்கத்துக்காரங்களுக்கு இந்த வார்த்தையை விளக்க வேண்டியதில்லை: மூலவர் சுதைத் திருமேனி, அதனால தண்ணீர்த் திருமஞ்சனம் இல்லாம தைலக்காப்பு. வண்டிக்கு வெயில் காலத்துக்கு முன்னாடி ஒரு தடவை, மழை முடிஞ்சதும் ஒரு தடவை மெழுகு போடலாம். வெயில் படற கூரைக்கு இன்னும் ஒரு தடவை. மேல ஒரு தகரக் கூரை போட்டு நிறுத்தினா இதுல பாதிகூட தேவைப்படாது.