கெடாத பொருளே முதலில் தீரும்

2020 ஏப்ரல் 25, சனிக்கிழமை. கொரோனாவால் மறுநாள் முதல் சேலம் மாநகராட்சிக்குள் மூன்று நாள் முழு ஊரடங்கு, மளிகைக் கடைகூடத் திறக்காது என்று அரசு அறிவித்திருந்தது. சென்னை, கோவை, மதுரைக்கு நான்கு நாள். சேலத்துக்கும் திருப்பூருக்கும் மூன்று. சனிக்கிழமை காலையிலேயே கடைவீதிகளில் கால் வைக்க இடமில்லை. கூட்டத்தைப் பார்த்த அரசு, கடை நேரத்தைப் பிற்பகல் 3 மணி வரை நீட்டித்தது.

அன்று ஊரில் சாப்பிடும் வாய் ஒன்றுகூடக் கூடவில்லை. பிறகு எப்படிச் சரக்கு பற்றாமல் போகிறது? 2011 கணக்கெடுப்பின்படி சேலம் மாநகராட்சியின் மக்கள்தொகை 8.29 லட்சம். வீட்டுக்கு நான்கு பேர் என்று வைத்தால் ஏறத்தாழ 2 லட்சம் வீடு. ஒவ்வொரு வீட்டிலும், "எதுக்கும் இருக்கட்டும்" என்று வழக்கத்துக்கு மேல் ஒரே ஒரு கிலோ தக்காளி வாங்குகிறார்கள். ஒரு கிலோவைப் பதுக்கல் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் மொத்தம் 200 டன். பத்து டன் ஏற்றும் லாரியில் 20 லோடு. அந்த 20 லோடும் அன்று மதியத்துக்குள் வந்து சேர வேண்டும்.

அதே மாதங்களில் அமெரிக்காவில் இதே கணக்கு வேறொரு சரக்கில் ஓடிக்கொண்டிருந்தது. அங்கே துப்பாக்கித் தோட்டா கிடைக்கவில்லை. கடையில் துப்பாக்கி வாங்க வருபவரின் பின்னணியை அந்நாட்டு எஃப்.பி.ஐ. சரிபார்க்கும். 2019 முழுவதும் 2.84 கோடி சரிபார்ப்புகள் நடந்தன. 2020இல் அது 3.97 கோடியாக ஏறியது. மார்ச் மாதத்தில் மட்டும் 37 லட்சத்துக்கு மேல். அந்த ஆண்டு முதன்முறையாகத் துப்பாக்கி வாங்கியவர்கள் 84 லட்சம் பேர் என்பது துப்பாக்கித் தொழில் சங்கத்தின் மதிப்பீடு. புதிதாக வாங்கியவர் வெறும் துப்பாக்கியோடு வீட்டுக்குப் போவாரா? ஐம்பது தோட்டா கொண்ட பெட்டி இரண்டு என்று வைத்தாலே 84 கோடித் தோட்டா. பழைய ஆட்கள் அதற்குப் பிறகுதான் வரிசையில் நிற்கிறார்கள்.

இதைப் பயம், பேராசை என்று இரண்டு சொல்லில் முடித்துவிடுவது எளிது. எனக்கு அதில் உடன்பாடில்லை. பயம் மனிதரைக் கடை வரை கூட்டி வருகிறது, அவ்வளவுதான். எத்தனை பெட்டி எடுப்பது என்பதை முடிவு செய்வது ஒரு கணக்கு. அந்தக் கணக்கை நன்றாகத் தெரிந்தவர் சேலம் வ.உ.சி. பூ மார்க்கெட்டில் சரக்கு எடுத்து, தெருவில் விற்கும் பூக்காரம்மா.

ஒரு முழம் மல்லி அவருக்கு 15 ரூபாய் அடக்கம், 20 ரூபாய்க்கு விற்கிறார் என்று கொள்வோம். பூ பற்றாமல் போனால் முழத்துக்கு 5 ரூபாய் லாபம் போச்சு. மிஞ்சி வாடினால் 15 ரூபாய் முதலே போச்சு. பற்றாக்குறை நட்டத்தை இரண்டு நட்டங்களின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும்: ஐந்தை இருபதால் வகுத்தால் கால் பங்கு. அதாவது நான்கு நாளில் ஒரு நாள் மட்டும் கேட்ட எல்லோருக்கும் பூ இருக்கும் அளவுக்குச் சரக்கு எடுத்தால் போதும். மற்ற மூன்று நாளும் சீக்கிரமே கூடை காலியாகி வீட்டுக்குப் போவதுதான் லாபம். இருப்புக் கணிதத்தில் இதற்குச் 'செய்தித்தாள் விற்பவர் கணக்கு' என்று பெயர். எவ்வளவு வாங்கி வைப்பது என்பதை, மிஞ்சினால் வரும் நட்டத்தையும் பற்றாவிட்டால் வரும் நட்டத்தையும் எடை போட்டுத் தீர்மானிக்கும் முறை. 1888இல் எட்ஜ்வொர்த் என்ற பொருளியல் அறிஞர், வங்கி தன் பெட்டியில் எவ்வளவு ரொக்கம் வைத்திருக்க வேண்டும் என்று கேட்டு இதற்கு அடி போட்டார்.

அதே கணக்கில் தோட்டாவைப் போடுங்கள். ஈரமும் கடும் சூடும் படாமல் வைத்தால் தோட்டா பல பத்தாண்டுகள் கெடாது. மிஞ்சியதை அடுத்த ஆண்டு சுடலாம், மகனுக்குக் கொடுக்கலாம், விலை ஏறினால் விற்கலாம். ஆகவே மிஞ்சும் நட்டம் ஏறத்தாழ சைபர். பற்றாத நட்டமோ பெரிது: தோட்டா இல்லாத துப்பாக்கி வெறும் இரும்புக் குழாய். பின்னம் ஒன்றை நெருங்குகிறது. பூக்காரம்மாவைக் குறைவாக எடுக்கச் சொன்ன அதே கணக்கு, துப்பாக்கிக்காரரைக் கைக்குக் கிடைத்ததையெல்லாம் எடுக்கச் சொல்கிறது. இருவருமே புத்திசாலிகள்.

நாமக்கல்லில் இதன் மறுபக்கத்தைப் பார்க்கலாம். 2020 மார்ச்சில் கோழியால் கொரோனா பரவும் என்ற வதந்தி கிளம்பியது. முட்டை வாங்குவோர் குறைந்தார்கள், பண்ணை விலை விழுந்தது. கோழிக்கு வதந்தி தெரியாது. ஏறக்குறைய 25 மணி நேரத்துக்கு ஒன்று என்று அது பாட்டுக்கு இட்டுக்கொண்டே இருந்தது. கோடிக்கணக்கில் நாள்தோறும் வரும் முட்டையை வருடக்கணக்கில் அடுக்கி வைக்கவும் முடியாது. முட்டைத் தொழிலுக்கு பிரேக் கிடையாது. தோட்டாத் தொழிலுக்கோ ஆக்ஸிலேட்டர் கிடையாது. ஏன் என்று தெரிய, தோட்டாவைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

உள்ளே நான்கு பாகம். வெளியே பித்தளைக் கூடு. அதன் வாயில் செருகிய ஈயக் குண்டு. நடுவே மருந்து. அடிப்பாகத்தில், சட்டைப் பொத்தானைவிடச் சிறிய ஒரு கிண்ணம். அதற்குள் 30 மில்லிகிராம் அளவில் ஒரு வெடிக்கலவை. இதுதான் தீமூட்டி: குதிரை தட்டியதும் நசுங்கிப் பொறி எழுப்பி மருந்தைப் பற்றவைக்கும் பாகம். தோட்டாவிலேயே மிகச் சிறியது; தொழிற்சாலையையே இழுத்துப் பிடிப்பதும் அதுதான்.

தீமூட்டியின் கதை வாத்து வேட்டையில் தொடங்குகிறது. பழைய துப்பாக்கியில் சக்கிமுக்கிக் கல் உரசி எழும் பொறி முதலில் வெளித்தட்டில் இருக்கும் மருந்தைப் பற்றவைக்கும்; அந்த வெளிச்சத்தைப் பார்த்ததும் வாத்து முங்கிவிடும். ஸ்காட்லாந்துப் பாதிரியார் அலெக்சாந்தர் ஃபோர்சைத்துக்கு இது பொறுக்கவில்லை. தட்டினாலே வெடிக்கும் உப்புகளைப் பயன்படுத்தும் முறையைக் கண்டு 1807இல் காப்புரிமை பெற்றார். பறவை தப்பக் கூடாது என்று ஒரு பாதிரியார் செய்த வேலை, உலகத்துப் படைகளின் ஆயுதத்தையே மாற்றியது.

இன்று பெரும்பாலான தீமூட்டிகளில் இருப்பது லெட் ஸ்டிஃப்னேட் என்ற ஈய உப்பு. தட்டினால் வெடிக்க வேண்டும் என்பதே அதன் தகுதி. அப்படியானால் ஆலையில் அதைத் தட்டாமல், உரசாமல், உடம்பிலிருந்து தாவும் சிறு மின்பொறிகூடப் படாமல் கையாள வேண்டும். வழி என்ன? ஈரமாகவே வைத்திருப்பது. கலவையைப் பிசைந்த மாவு போலச் சிறு சிறு அளவில் தடித்த சுவருக்குப் பின்னால் தயாரிக்கிறார்கள். துளைகள் நிறைந்த தட்டின் மேல் தேய்த்து, துளைக்கு ஒன்றாகக் கிண்ணங்களில் இறக்கி, பிறகு உலர்த்துகிறார்கள். இந்த வேலைக்கு நாளை நூறு பேரைப் புதிதாக எடுத்துவிட முடியாது. இயந்திரமும் கட்டடமும் உரிமமும் வந்து சேர வருடங்கள் ஆகும்.

அமெரிக்காவில் பலர் சுட்ட கூட்டை எடுத்து வந்து வீட்டிலேயே மீண்டும் நிரப்புவார்கள். பித்தளைக் கூடு திரும்பத் திரும்ப உதவும். ஈயத்தை உருக்கிக் குண்டு வார்த்துக்கொள்ளலாம். மருந்து டப்பாவில் கிடைக்கும். 2020-21இல் அவர்களும் திணறினார்கள். தீமூட்டி கிடைக்கவில்லை. வீட்டில் செய்யக்கூடாத பாகம் அது. கொல்லிமலையில் குழல் வாய் வழியே மருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கிக்கும் தட்டியதும் பொறி தர ஏதாவது வேண்டும். நாகரிகம் எத்தனை மாறினாலும் துப்பாக்கிக்காரர் கடைசியில் கையேந்தி நிற்கும் இடம் அதுதான்.

இனிக் கடைக்குத் திரும்பலாம். அலமாரி பாதி காலியாக இருப்பதைப் பார்த்ததும் ஒருவர் வாங்குகிறார், பக்கத்தில் நிற்பவர் வாங்காமல் போகிறார். ஏன்? 1978இல் மார்க் கிரானவெட்டர் என்ற சமூகவியலாளர் இதற்கு ஒரு அழகான விடை சொன்னார். ஒவ்வொருவருக்கும் ஒரு 'தொடக்க எண்' உண்டு: எத்தனை பேர் இறங்கிய பிறகு நானும் இறங்குவேன் என்ற எண். நூறு பேர் கூட்டத்தில் ஒருவருக்கு அது 0, அடுத்தவருக்கு 1, பிறகு 2, 3 என்று 99 வரை. சைபர்காரர் தானாக ஆரம்பிக்கிறார். அவரைப் பார்த்து 1, அந்த இருவரைப் பார்த்து 2... கடைசியில் நூறு பேரும் இறங்கிவிடுகிறார்கள். இப்போது ஒரே ஒரு ஆளை மாற்றுங்கள். எண் 1 இருந்தவருக்குப் பதில் எண் 2 இருப்பவர். முதல் ஆள் இறங்குகிறார். இரண்டாவது ஆளுக்குத் தூண்டுதல் போதவில்லை. ஆட்டம் அங்கேயே முடிந்தது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே குணமுள்ள ஊர். ஒன்றில் நூறு பேர், மற்றதில் ஒருவர். ஒரு ஊரில் தட்டுப்பாடு வெடித்து, பக்கத்து ஊர் சும்மா இருப்பதைப் பார்த்து அந்த ஊர்க்காரர்களைப் பழிப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

கடைக்காரரும் இதில் சும்மா நிற்பதில்லை. பத்துப் பெட்டி கேட்டால் ஐந்துதான் வரும் என்று தெரிந்தவுடன் இருபது கேட்கிறார். மொத்த வியாபாரி அந்த இருபதை உண்மையான தேவை என்று நம்பி ஆலையிடம் நாற்பது கேட்கிறார். நுனியில் ஒரு சிறு அசைவு, அடியில் பெரிய அலை. இதைச் 'சாட்டை விளைவு' என்பார்கள்: வாங்குபவர் கையில் தொடங்கும் சின்ன மாற்றம், ஆலை வரை போகப் போகப் பெருகுவது. ஹாவ் லீ என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் 1997இல் இதற்கு நான்கு காரணங்கள் பட்டியலிட்டார்கள். தட்டுப்பாட்டில் கூட்டிக் கேட்பது அவற்றில் ஒன்று. ஆலையின் கையில் இருக்கும் ஆர்டர் புத்தகம் பாதி நிஜம், பாதி நிழல்.

பணத்துக்கும் இதே கதிதான். வங்கி நல்ல நிலையில் இருந்தாலும், எல்லோரும் பணம் எடுக்கப்போகிறார்கள் என்று எல்லோரும் நம்பினால் வங்கி விழும். அப்படி நம்புகிறவர் வரிசையில் முந்துவது முட்டாள்தனமும் இல்லை. 1983இல் இதை நிறுவிய பொருளியல் அறிஞர்கள் டக்ளஸ் டயமண்டும் ஃபிலிப் டிப்விக்கும் 2022இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். வங்கிக்கு வைப்புத்தொகைக் காப்பீடு என்ற மருந்து இருக்கிறது. தோட்டாவுக்கு அப்படியொன்று கிடையாது.

இந்தியாவில் இந்த ஆட்டத்துக்கு ஆரம்பத்திலேயே மூடி போட்டிருக்கிறார்கள். மலையடிவாரத்தில் காட்டுப்பன்றியிடமிருந்து பயிரைக் காக்க உரிமம் வாங்கிய விவசாயியின் புத்தகத்தில் இரண்டு எண் இருக்கும்: ஒரே சமயத்தில் கையில் வைத்திருக்கக்கூடிய தோட்டா எவ்வளவு, ஓராண்டில் வாங்கக்கூடியது எவ்வளவு. கடைக்காரர் விற்றதை அதில் பதிய வேண்டும். 2019 ஆயுதத் திருத்தச் சட்டம் ஒருவர் வைத்திருக்கும் துப்பாக்கிகளின் எண்ணிக்கையையும் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. தேர்தல் வந்தால் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டியிருக்கும். அப்போது வீட்டில் தோட்டா இருந்தும் பயனில்லை. கணக்குப்படி அளவில்லாமல் வாங்க ஆசை இருந்தாலும், புத்தகத்தில் இடம் இருக்காது. ஆனால் உச்சவரம்புக்கு ஒரு குறும்பும் உண்டு. இத்தனைதான் என்று எழுதிக் கொடுத்தால், தேவையோ இல்லையோ அத்தனையும் வாங்கிவிடலாமே என்று தோன்றும். 'ஒருவருக்கு ஒரு பெட்டி' என்ற பலகையைப் பார்த்த அமெரிக்கர்கள், அந்த ஒரு பெட்டிக்காகவே காலையில் கடை திறக்கும் முன் வந்து நின்றார்கள்.

அலை வடிந்த பிறகு நடப்பதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட வியப்பு. 2012 டிசம்பரில் அமெரிக்காவின் சாண்டி ஹுக் பள்ளியில் துப்பாக்கிச் சூடு நடந்ததும் சட்டம் கடுமையாகும் என்று அஞ்சி, மிகச் சாதாரணமான .22 தோட்டாவைக்கூட அள்ளினார்கள். அது ஒழுங்காகக் கிடைக்க ஆண்டுகள் ஆயின. 2016 அமெரிக்க அதிபர் தேர்தல் முடிவோடு அந்த அச்சம் போனது. வீடுகளில் அடுக்கிய பெட்டிகள் போகவில்லை. கெடாத சரக்கு அல்லவா? வாங்குவோர் இல்லாமல் துப்பாக்கி விற்பனை சரிந்தது. 1816இல் தொடங்கிய, கடனிலும் மூழ்கியிருந்த ரெமிங்டன் துப்பாக்கி நிறுவனம் 2018இல் திவால் மனு கொடுத்தது. இப்படியொரு சரிவைக் கண்ணால் பார்த்த முதலாளி, அடுத்த கூட்டம் கடைவாசலில் நிற்கும்போது புது ஆலைக்குப் பணம் போடுவாரா?

அடுத்த கூட்டம் 2020இல் வந்தது. நாடே தோட்டா தேடிய அந்த ஜூலையில் ரெமிங்டன் இரண்டாவது முறையாகத் திவாலானது. அர்கான்சாஸ் மாநிலம் லோனோக்கில் இருந்த அதன் தோட்டா ஆலையை விஸ்டா என்ற நிறுவனம் சுமார் 8 கோடி டாலருக்கு எடுத்தது. கடைகளுக்குத் தீமூட்டி விற்கும் நான்கு பெரிய அமெரிக்கப் பெயர்களில் சி.சி.ஐ., ஃபெடரல் இரண்டும் ஏற்கெனவே விஸ்டாவிடம்தான் இருந்தன. ரெமிங்டன் மூன்றாவது. நான்காவது பெயரான வின்செஸ்டர் மட்டும் வேறு கையில் இருந்தது.