வயிறு நிறைந்தாலும் எலும்பு பட்டினி!

காத்தான்குடி, ஏறாவூர் போன்ற வாவிக்கரை ஊர்களில் பூனைக்குட்டியென்றால் பிள்ளைகளுக்கு உயிர். பாசத்தில் முள் அகற்றிய மீனையும் மாட்டிறைச்சியையும் மட்டுமே ஊட்டுவார்கள். சில வாரங்களில் குட்டி நொண்டும். சின்னத் தாவலிலேயே எலும்பு முறியும்.

காரணம் என்ன? வெறும் மாட்டிறைச்சியில் கல்சியத்தைவிடச் சுமார் 20 மடங்கு பொஸ்பரசு உண்டு. குட்டிக்கோ கல்சியம் பொஸ்பரசுக்குக் குறையாமல் வேண்டும். வெயிலில் படுத்தாலும் பூனையின் தோல் போதிய விற்றமின் டி உண்டாக்காது. உணவிலிருந்தே பெற வேண்டும்.

இரத்தத்தைச் சோதித்தால் தெரியாதா? கல்சியம் குறையும்போது பரா தைரொயிட் ஹோர்மோன் எலும்பைக் கரைத்து அதை ஈடுசெய்கிறது. ஆகவே ஆய்வுகூட அறிக்கையில் கல்சியம் சரியென்றே வரலாம். பொஸ்பரசு, அந்த ஹோர்மோன், விற்றமின் டி அளவுகளையும் எக்ஸ்ரே படத்தையும் சேர்த்துப் பார்த்தே மிருக வைத்தியர் முடிவுசெய்வார். குட்டி என்ன தின்கிறது என்று அவர் கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். பாதி விடை அதில்தான் இருக்கிறது.

சகோதரிகளே! பிள்ளைகளின் விற்றமின் டி துளிகளைக் கைக்கணக்கில் கொடுத்துவிடாதீர்கள். அளவு மிஞ்சினால் இரத்தத்தில் கல்சியம் ஏறிச் சிறுநீரகம் கெடும். குட்டிகளுக்கெனத் தயாரித்த நிறையுணவே பாதுகாப்பானது.

பூனையை அடைத்துப் பட்டினி போட்ட பெண்ணுக்கு நேர்ந்த கதியை நபி (ஸல்) அவர்கள் சொல்லி எச்சரித்தார்கள். வாயில்லா ஜீவன் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் அல்லவா?