ஒரே பானை – 6: பொன்னியின் தூரத்துச் சொந்தம்

நடுத்தர அளவு வெள்ளை இறால் வேக மூன்று நிமிடம் போதும். அதைத் தாண்டினால் சதை இறுகத் தொடங்கும். ஏழெட்டு நிமிடம் விட்டால் ரப்பர்தான். அரிசிக்கோ மூடிக்குக் கீழே இருபது நிமிடமாவது வேண்டும். இந்த இரண்டையும் ஒரே பானையில் ஏற்றி, இரண்டின் பதமும் கெடாமல் இறக்குவதில்தான் கொரியர்களின் ‘சொட்பாப்’ சமையலின் முழு வித்தையும் இருக்கிறது. பழவேற்காட்டுக் குப்பங்களின் வழக்கம் வேறு. அங்கே சோறு ஒரு பானையில் வடிபடும், இறால் குழம்பு தனிச் சட்டியில் கொதிக்கும், இரண்டும் தட்டில்தான் சந்திக்கும்.

பானையும் மூடியும் போன வாரமே முடிந்தன: அடி கனமாக இருக்க வேண்டும், மூடி ஆவியை விடக் கூடாது. இந்த வாரத்துக்கு இறால், நண்டு, சிப்பி மூன்றும் என்று அறிவிப்பு. ஆனால் அரிசியைப் பேசாமல் இவற்றில் எதையும் தொட முடியாது.

கொரிய வீடுகளில் சமைப்பது குட்டையான, உருண்டையான ஜப்பானிகா வகை அரிசி. அதில் அமைலோஸ் என்னும் மாவுப்பொருள் பொதுவாக 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும். அமைலோஸ் குறையக் குறையச் சோறு ஒட்டும். கூடக் கூட உதிரும். நம் ஊர் அரிசி பெரும்பாலும் இண்டிகா இனம். அதன் பெருமையே உதிர்வதில்தான். அப்படியானால் பொன்னி அரிசியில் கொரியச் சோறு ஆகாது என்று தோன்றும். பொன்னியின் பிறப்பைப் பார்த்தால் அந்த முடிவை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும்.

1950களில் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் துணையோடு கட்டாக் மத்திய நெல் ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு பெரிய முயற்சி நடந்தது. ஆசிய நாடுகளின் இண்டிகா நெல்லையும் ஜப்பானிகா நெல்லையும் கலந்து புதிய ரகம் எடுப்பது நோக்கம். நூற்றுக்கணக்கான கலப்புகளில் தேறியவை மிகச் சில. அவற்றில் ஒன்று தஞ்சை விவசாயிகள் 1960களில் நட்ட ஆடுதுறை 27. ஜப்பானின் நோரின் 10 ஒரு பெற்றோர். கோவையில் கண்டெடுத்த ஜி.இ.பி. 24 மற்றொன்று. இன்னொரு வெற்றி மசூரி. மலேசியாவின் மாயாங் எபோஸ் 80 என்ற ரகத்தையும் தைவானின் தைச்சுங் 65 என்ற ரகத்தையும் சேர்த்து எடுத்தது. தைச்சுங் 65 கலப்பில்லாத ஜப்பானிகா. மசூரி மலேசியாவில் 1965-ல் வெளியானது; தமிழ்நாட்டுக்கு வந்து தேர்வு செய்யப்பட்டுப் பொன்னியானது. கல்யாண வீட்டிலும் மெஸ்ஸிலும் விழும் வெள்ளைப் பொன்னிச் சோற்றில் கொரிய அரிசியின் இனத்து ரத்தம் ஓடுகிறது என்பது எவ்வளவு பெரிய செய்தி!

மறுபக்கமும் இதே கதைதான். கொரியாவில் அரிசிப் பற்றாக்குறை கடுமையாக இருந்த 1960களில், சோல் தேசியப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹோ முன்-ஹ்வே பிலிப்பைன்ஸின் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில் இருந்து ஒரு கலப்பை உருவாக்கினார். அதன் ஒரு பெற்றோர் ஐ.ஆர். 8. ஐ.ஆர். 8-ன் பெற்றோரில் ஒன்று இந்தோனேசியாவின் பேட்டா. பேட்டாவின் பெற்றோரில் ஒன்று வங்காளத்து லத்திசைல். இப்படி இந்திய நெல்லின் வம்சம் கலந்து பிறந்த ‘தொங்கில்’ ரகம் 1970களின் தொடக்கத்தில் கொரிய வயல்களுக்குப் போனது. விளைச்சல் ஏறியது, 1977-ல் கொரியா அரிசியில் தன்னிறைவு கண்டது. ஆனால் மக்களுக்கு அந்தச் சோறு பிடிக்கவில்லை. உதிர்கிறது, ஒட்டவில்லை, வாயில் வறட்சியாக இருக்கிறது என்றார்கள். தமிழர் நல்ல சோற்றுக்குச் சொல்லும் லட்சணத்தையே கொரியர் குற்றமாகச் சொன்னார்கள். அரசு கொள்முதலை நிறுத்தியதும் 1990களின் தொடக்கத்தில் தொங்கில் வயலை விட்டுப் போய்விட்டது.

பானைக்கு வருவோம். பொன்னியில் பச்சரிசியையே எடுக்க வேண்டும். புழுங்கலில் மாவுச்சத்து நெல்லாக இருக்கும்போதே வெந்து இறுகிவிட்டதால் அது ஒட்டாது. அடியில் பிடிக்கும் பொருக்கும் சீராக வராது. கொரிய மின்குக்கரோடு வரும் அளவுக் கோப்பை 180 மில்லி; நம் ஆழாக்கு 168 மில்லி. ஆகவே கொரியச் சமையல் குறிப்பில் ஒரு கோப்பை என்று இருந்தால் ஆழாக்கை எடுத்துக்கொள்ளலாம். இரண்டு ஆழாக்கு அரிசியைக் களைந்து, அரை மணி நேரம் ஊறவைத்து, நீரை முழுக்க வடித்துவிட வேண்டும். கொரிய அரிசிக்கு ஒன்றுக்கு ஒன்றேகால் தண்ணீர் கூட அதிகம். பொன்னிப் பச்சரிசிக்கு ஒன்றுக்கு ஒன்றரை. புது அரிசியானால் இன்னும் ஒரு கை குறையலாம். கஞ்சி வடிக்கும் பேச்சே கிடையாது. கரைந்த மாவு பானையிலேயே தங்குவதால்தான் பருக்கைகள் ஒன்றையொன்று பற்றுகின்றன.

பழவேற்காட்டு இறால் கடலும் ஏரியும் சேர்ந்து வளர்க்கும் பிள்ளை. தாய் இறால் கடலில் முட்டையிடும். குஞ்சு அலையோடு முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வந்து உப்பும் நன்னீரும் கலந்த தண்ணீரில் வளரும். பிறகு கடலுக்குத் திரும்பும். முகத்துவாரத்தை மணல் அடைத்தால் அந்தப் பருவத்து இறாலே குறைந்துபோகும். அதனால்தான் முகத்துவாரத்தைத் திறந்து வைக்கச் சொல்லி மீனவர்கள் ஓயாமல் கேட்கிறார்கள். கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய ஊர்கள் ‘பாடு’ என்ற முறை வைத்து, யார் எந்த நாளில் எந்த இடத்தில் வலை கட்டுவது என்று ஏரியைப் பங்கிட்டுக்கொள்கின்றன. வலையில்லாத இருளர் பெண்கள் இடுப்பளவு நீரில் உட்கார்ந்தபடி நகர்ந்து, சேற்றைக் கையால் துழாவி இறாலைப் பிடித்து, பல்லால் கவ்விய பறியில் போடுகிறார்கள். இப்படிப் பிடித்த இறால் உயிரோடு கரைக்கு வரும். ஒரு பானைச் சோற்றுக்கு அதைவிட நல்ல இறால் கிடையாது.

இறாலை உரித்ததும் தலையையும் ஓட்டையும் எறியக் கூடாது. ஒரு கரண்டி எண்ணெயில் சிவக்க வதக்கி, தண்ணீர் ஊற்றிக் கால் மணி நேரம் கொதிக்கவைத்து வடிகட்டினால் அதுவே அரிசிக்கு ஊற்றும் நீர். கொரியர்கள் இந்த இடத்தில் கடற்பாசியும் காய்ந்த நெத்திலியும் போட்டுக் காய்ச்சுவார்கள். அவர்கள் நெத்திலியை உப்பு நீரில் கொதிக்கவைத்த பிறகே காயவைப்பதால் அதில் கவிச்சி குறைவு. நம் நெத்திலிக் கருவாடு வெயிலில் மட்டும் காய்ந்தது. தலையையும் குடலையும் கிள்ளி எறிந்து, வெறும் சட்டியில் வறுத்துவிட்டுப் போட்டால் கசக்காது. கருவாட்டில் உப்பு இருப்பதால் பானைக்குத் தனியாக உப்பு வேண்டாம்.

இனி நெருப்பு. அரிசியும் நீரும் சேர்த்து மூடி, பெரும் தீயில் கொதி வரும்வரை விட வேண்டும். ஐந்தாறு நிமிடம் ஆகும். கொதித்ததும் தீயைச் சிறுக வைத்துப் பன்னிரண்டு நிமிடம். இப்போது சோற்றின் மேல் நீர் இருக்காது, சிறு குழிகள் தெரியும். அந்த நேரத்தில் மூடியைத் திறந்து, உப்பும் பூண்டும் பிசறிய இறாலை ஒரே அடுக்காகப் பரப்பி, சட்டென்று மூடி, இரண்டு நிமிடம் கழித்து அடுப்பை அணைக்க வேண்டும். பிறகு பத்து நிமிடம் யாரும் மூடியைத் தொடக் கூடாது. மிச்ச ஆவியில் இறால் பதமாக முடியும். அடிச்சோற்றின் ஈரம் மேலே ஏறிப் பருக்கை சமப்படும். முளைகட்டிய சோயா சேர்த்துச் சமைக்கும் கொரியச் சோற்றில் விதி இன்னும் கடுமை: நடுவில் திறந்தால் சோயாவின் பச்சை வாடை நின்றுவிடும் என்று கடைசிவரை திறக்கவே மாட்டார்கள்.

அடியில் பிடிக்கும் பொன்னிறப் பொருக்குக்காகவே பலர் இதைச் சமைக்கிறார்கள். அடிநீர் வற்றியதும் பானையின் அடி நூறு டிகிரியைத் தாண்டும். மாவும் புரதமும் சிவந்து வறுபட்ட வாசனை வரும். காதால் கண்டுபிடிக்கலாம்: தளதள என்ற சத்தம் ஓய்ந்து சடசட என்று கேட்டால் பொருக்கு உருவாகிறது. கருகிய நெடி வந்தால் காலம் கடந்துவிட்டது. சோற்றை எடுத்துப் பரிமாறிய பின், கொரியர்கள் பொருக்கு ஒட்டிய பானையில் வெந்நீர் ஊற்றி மூடி வைப்பார்கள். சாப்பாடு முடியும்போது பொருக்கு இளகி, நீர் மணத்துடன் இருக்கும். அதைக் குடித்துத்தான் எழுவார்கள். மின்குக்கர் வந்தபின் இந்தப் பொருக்கு கொரிய வீடுகளில் அரிதாகி, இப்போது பொட்டலத்தில் விற்கிறது. விலைக்கு வாங்கும் நிலை நம் வீடுகளுக்கு வர வேண்டாம்.

மேலே ஊற்றிப் பிசைய ஒரு சாறு: மூன்று கரண்டி சோயா சாஸ், பொடியாக அரிந்த வெங்காயத்தாள், நசுக்கிய பூண்டு, காரம் குறைந்த மிளகாய்த் தூள், எண்ணெய். கொரிய எள்ளெண்ணெய் எள்ளை வறுத்துப் பிழிந்தது. நம் நல்லெண்ணெய் வறுக்காதது. அந்த மணம் வேண்டுமானால் ஒரு கரண்டி எள்ளைப் பொரிய வறுத்துக் கசக்கிச் சேர்க்க வேண்டும். இறால் சோற்றில் ஏற்கெனவே உப்பு இருப்பதால் சாற்றை மொத்தமாக ஊற்றாமல் அவரவர் தட்டில் கொஞ்சமாகக் கலப்பதே சரி.

நண்டுக்கும் சிப்பிக்கும் இந்த வாரம் இடமில்லை. அடுத்த வாரம் நிச்சயம் உண்டு. அதற்குள் களி நண்டு வாங்குபவர்கள் கையில் தூக்கிப் பார்த்து, அளவுக்கு மீறிக் கனக்கும் நண்டையே எடுங்கள். அண்மையில் ஓடு கழற்றிய நண்டுக்குள் சதையைவிடத் தண்ணீரே அதிகம். அது பானையின் நீர்க் கணக்கையே கெடுத்துவிடும்.