படம் ஏன் நின்று நின்று ஓடுகிறது?

இரணைமடுக் குளத்து நீர் பாயும் வயல்களுக்கு அணித்தாகக் கிளிநொச்சிக் கிராமம் ஒன்றில் நமக்கு வேண்டிய குடும்பம் ஒன்றுண்டு. அவ்வீட்டின் மூத்த மகள் உயர்தர வகுப்பிற் கணிதம் பயில்பவள். 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்திற் கொரோனாத் தொற்றினால் நாட்டின் பாடசாலைகள் மூடப்பட்ட வேளையில் இணையவழிக் கல்வி நம் இல்லங்களுட் புகுந்தது. பாடசாலைகள் திறந்த பின்னரும் அது விடைபெற்றுச் செல்லவில்லை. இப்பெண்ணும் மாலை வகுப்பை அவ்வழியே கற்று வருகிறாள். ஆனால், ஆசிரியர் கணக்கின் முக்கிய படிக்கு வரும்போது படம் நின்றுவிடும்; மீண்டும் ஓடும்போது விடை எழுதப்பட்டிருக்கும்! மகள் வேறெதையோ பார்த்து 'டேற்றா'வைக் கரைக்கிறாள் எனத் தந்தையார் கடிந்தார். கூடிய விலைக்குப் பொதி வாங்கியும் பயனில்லை.

குற்றம் யாருடையது? சென்ற வாரம் நாமே போய்ப் பார்த்தோம்.

வன்னி மக்களுக்கு இதனை விளக்கக் குளமும் வாய்க்காலுமே போதும். இணையத்தில் வரும் படம் சில வினாடித் துண்டுகளாக வருகிறது. கைத்தொலைபேசி அவற்றுட் சிலவற்றை முன்கூட்டியே சேமித்து வைத்துக்கொள்ளும். அச்சேமிப்பு ஒரு சிறு குளம். வரும் நீரிலும் பாயும் நீர் மிகுந்தாற் குளம் வற்றும், படம் நிற்கும். நேரடி வகுப்பிலோ ஆசிரியர் இன்னும் பேசாத சொல்லைச் சேமிக்க வழியில்லை. ஆதலால் அங்கே குளம் மிகச் சிறிது. சாதாரணத் தெளிவான 480 வரிப் படத்திற்கு வினாடிக்குச் சுமார் 1 மெகாபிற் போதும். 1080 வரிப் படத்திற்குச் சுமார் 5 மெகாபிற் வேண்டும்.

நீர் வரும் வாய்க்கால்கள் இரண்டு. கோபுரத்திலிருந்து வீட்டு ரவுட்டர் வரை பெரிய வாய்க்கால். ரவுட்டரிலிருந்து கைத்தொலைபேசி வரை வயல் வாய்க்கால். அடைப்பு எதிலென அறியாமற் பொதியை மாற்றுவது வீண் செலவே. அளவுப் பொதி பெரிதானால் நீரின் மொத்த அளவு கூடுமேயன்றி வாய்க்கால் அகலாது.

சோதனை எளிது. பிற்பகலில் ரவுட்டருக்கு அருகே அமர்ந்து பாடத்தை ஓடவிட்டோம், தடையின்றி ஓடியது. மகளின் மேசைக்குச் சென்றோம். நின்று நின்று ஓடியது. இடையே இரண்டு சீமெந்துச் சுவர்களும் ஓர் இரும்பு அலுமாரியும்! வைஃபை அலைகளுட் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலை சுவரை ஓரளவு கடக்கும். 5 கிகாஹேர்ட்ஸ் அலை விரைவு மிக்கதாயினும் சுவரில் விரைவில் தளர்ந்துவிடும். இரும்போ இரண்டையும் மறிக்கும். கோபுரத் திசையிலுள்ள மகளின் அறைச் சன்னலருகே, உயரமான தட்டொன்றில் ரவுட்டரை வைத்தோம். படம் சீராகியது.

எனினும் இரவு எட்டு மணிக்கு, ரவுட்டருக்கு அருகிலும் படம் தடுமாறியது. இது வீட்டின் குற்றமன்று. ஊர் முழுவதும் ஒரே கோபுரத்து நீரைப் பங்கிடும் வேளை அது. அவ்வேளையிற் படத்தின் தெளிவைக் குறைக்கலாம். மற்றைய கைத்தொலைபேசிகள் தாமாகவே பதிவிறக்குவதை நிறுத்தலாம். பதிவான பாடங்களை அதிகாலையிற் சேமித்து வைக்கலாம். தடங்கல் வரும் நாளையும் நேரத்தையும் குறித்துவைத்தால், சேவை வழங்குவோரிடம் முறையிடவும் ஆதாரமாகும்.

தந்தையார் நெடுநேரம் ரவுட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். “இவ்வளவு நாளும் பிள்ளையையெல்லோ பேசினனான்” என்றார். மகள் ஒன்றும் கூறாமற் கொப்பியைத் திறந்து, விடுபட்ட படியை எழுதத் தொடங்கினாள்.

பிள்ளைகளைக் கடியுமுன் கைத்தொலைபேசியுடன் வீட்டை ஒருமுறை சுற்றி வருவோமாக.